கட்டிக் கொடுக்கும் பையா, எடுத்துக்கொள்ளும் அலமாரியா?

சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில், வசதி குறைந்தவர்களுக்கு மாதம் ஒருமுறை நன்கொடை உணவுப்பை கொடுக்கிறோம். ஒரு பாட்டி பையை வாங்கியதும் அங்கேயே பெஞ்சில் வைத்துப் பிரிப்பார். இனிப்புப் பால் டின், உடனடி மீ (நூடுல்ஸ்), பிஸ்கட் எல்லாவற்றையும் தனியே எடுத்து வைப்பார். "சக்கர இருக்கு தம்பி, இது ஆவாது. பருப்பு ஏதும் இருக்கா?" பருப்பு இருக்காது.

பையில் வசதி உண்டு. பொருள் சீக்கிரம் கெடாது, தொண்டூழியர்கள் மளமளவென்று கொடுத்து முடிக்கலாம், நடக்க முடியாதவரின் வாசல் வரை கொண்டு போகலாம். ஆனால் நன்கொடைப் பெட்டியில் என்ன விழுகிறதோ அதுதான் பைக்குள் போகும். சைவம் சாப்பிடுபவர் கைக்கும் மத்தி மீன் டின் வந்து சேரும்.

அலமாரி முறையில் இந்தச் சிக்கல் குறைவு. 2003இல் பேக்கரிகளில் மிஞ்சிய ரொட்டியை ஆதரவு இல்லங்களுக்குக் கொண்டுபோய்த் தொடங்கிய 'ஃபுட் ஃப்ரம் தி ஹார்ட்' தொண்டு அமைப்பு, 2020இல் மவுண்ட்பேட்டனில் சமூகக் கடை திறந்தது. உதவிக்குத் தகுதிபெற்றவர்கள் அங்கே காசு கொடுக்காமல் தங்களுக்கு வேண்டியதைத் தாங்களே எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு இதில் பிடித்தது இன்னொன்று: எந்தத் தட்டு முதலில் காலியாகிறது என்று பார்த்தாலே அடுத்து எதைத் திரட்டுவது என்று தெரிந்துவிடும். வாடகை, ஆள் செலவு கூடுதல்தான். இருந்தாலும் தகும்.

சரி, காய்கறி? பாசிர் பாஞ்சாங் மொத்த விற்பனை நிலையத்தில் வளைந்த கேரட்டும் இலை பழுத்த கீரையும் கழிவாகிவிடாமல் வாங்கிவந்து, யாரும் எடுத்துக்கொள்ளக்கூடிய சமூகக் குளிர்பெட்டிகளில் நிரப்பும் குழுக்கள் இருக்கின்றன. சத்து என்று பார்த்தால் எதுவும் இதற்கு ஈடில்லை. ஆனால் இந்த வெயிலில் கீரை தாங்காது. வேலை முடிந்து வருகிறவருக்கு வெறும் பெட்டிதான் மிஞ்சும். 2024 ஆகஸ்டில் நிறைவேறிய உணவு நன்கொடைச் சட்டம், பாதுகாப்பு நிபந்தனைகளைப் பின்பற்றிக் கொடுப்பவர்களுக்கு வழக்குப் பயத்தைக் குறைத்திருக்கிறது. கடைகள் இனியாவது புதிய உணவைத் தயங்காமல் தரட்டும்.

நான் கேட்பது அலமாரியும் குளிர்பெட்டியும் ஒரே இடத்தில், இரவு ஒன்பது மணி வரை. பை, வீட்டைவிட்டு இறங்க முடியாதவர்களுக்கு மட்டும். அதுவும் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, சைவம், ஹலால் என்று முன்கூட்டியே கேட்டுக் குறித்துக்கொண்டு.

அதுவரை, எங்கள் நன்கொடைப் பெட்டியின் மேல் நான்கு மொழிகளிலும் ஒரு தாள் ஒட்டியிருக்கிறோம். முதல் வரியில் பருப்பு.