போலார் வெரிட்டி சென்ஸ்: மணிக்கட்டை விட்டு மேலேறிய சென்சார்

மெதுவாகத்தான் ஓடுகிறோம், வாட்ச் 172 காட்டுகிறது. பல நேரம் அது இதயத் துடிப்பே அல்ல, காலடிக் கணக்கு. வாட்சின் அடியில் எரியும் பச்சை எல்இடி வெளிச்சத்தை ரத்தம் உறிஞ்சிக்கொள்ளும். ஒவ்வொரு துடிப்புக்கும் தோலடியில் ரத்தம் ஏறி இறங்குவதால் திரும்பி வரும் வெளிச்சமும் கூடிக் குறையும். அந்த ஏற்ற இறக்கம் மிகச் சிறியது. கை வீச்சின் ஆட்டம் அதைவிடப் பெரியது. நிமிடத்துக்கு 160 முதல் 180 அடி வைத்து ஓடினால் வாட்ச் அந்தத் தாளத்தையே பிடித்துக்கொள்கிறது. சந்தேகம் வந்தால் நின்ற உடனே நாடியைப் பிடித்து 15 விநாடி எண்ணி, நாலால் பெருக்கிப் பாருங்கள்.

2021-இல் வந்த வெரிட்டி சென்ஸ் என்ற, கையில் கட்டும் இதயத் துடிப்பு சென்சார் இதற்கு நல்ல தீர்வு. முழங்கைக்குக் கீழேயோ மேல்கையிலோ கட்டலாம். அங்கே சதை அதிகம், எலும்பும் தசைநாணும் குறுக்கிடுவது குறைவு. ஆறு எல்இடி. ப்ளூடூத், ஆன்ட் பிளஸ் (விளையாட்டுக் கருவிகளை இணைக்கும் கம்பியில்லா முறை) இரண்டும் உண்டு. திரை கிடையாது, ஆனால் உள்ளேயே பதிவாகும் என்பதால் போனை வீட்டில் வைத்துவிட்டு அண்ணா ஸ்டேடியத்துக்குப் போகலாம். சிலம்பம் சுற்றுபவர்களுக்கு நாங்கள் தயங்காமல் சொல்வது இதைத்தான்: மணிக்கட்டு ஓயாமல் சுழலும் ஆட்டத்தில் வாட்சை நம்ப முடியாது, மேல்கைதான் சரி.

கட்டுவதில்தான் பாதி வெற்றி. தேங்காய் எண்ணெய் பூசிய கை என்றால் முதலில் துடைத்துவிடுங்கள். பட்டை நழுவக் கூடாது, கை மரத்துப்போகவும் கூடாது. கழற்றினால் லேசாகத் தடம் தெரிய வேண்டும். தளர்ந்தால் வெயில் உள்ளே புகுந்து கணக்கைக் கெடுக்கும். குற்றாலச் சாரல் காலத்துக் காலையில் தோலில் ரத்த ஓட்டம் குறைவு, 10 நிமிடம் உடம்பு சூடேறிய பிறகே எண்ணை நம்புங்கள். முடித்ததும் சென்சாரை நல்ல தண்ணீரில் அலசி, ஈரம் போகத் துடைத்தபின் சார்ஜ் போடுங்கள். வியர்வை உப்பு தங்கினால் தொடுமுனைகள் அரிக்கும்.

குறை ஒன்று உண்டு. ஒளி சென்சார் எதுவானாலும் சில விநாடி பின்தங்கும். 30 விநாடி வேக ஓட்டத்தின் உச்சம் இதில் முழுதாகத் தெரியாது; அதற்கு இதயத்தின் மின்துடிப்பையே பிடிக்கும் மார்புப் பட்டைதான் வேண்டும். அதையும் உலர்ந்தபடி மாட்டாமல், உள்பக்கத்தை நனைத்து மாட்ட வேண்டும்.

அக்னி நட்சத்திரத்தில் ஒரே வேகத்தில் ஓடும்போதும் எண் ஏறிக்கொண்டே போனால் சென்சாரைக் குறை சொல்லாதீர்கள். வியர்வையில் நீர் இழந்து, உடம்பைக் குளிர்விக்கத் தோலுக்கும் ரத்தம் போவதால் ஒரு துடிப்புக்கு வெளியேறும் ரத்தம் குறைகிறது. ஈடுகட்ட இதயம் வேகமாக அடிக்கிறது. வேகத்தைக் குறையுங்கள்.

காலை நடைக்கு மட்டும் என்றால் இதை வாங்கவே வேண்டாம். இருக்கிற வாட்சை மணிக்கட்டு எலும்பிலிருந்து இரண்டு விரல் அளவு மேலே ஏற்றி, ஒரு துளை இறுக்கிக் கட்டினால் போதும்.