14,600 ரூபா போச்சு, பழைய டீசல் வண்டி வச்சிருக்கவங்க படிச்சுடுங்க

கை நடுங்குது கோவத்துல, தப்பு இருந்தா மன்னிச்சிடுங்க. என்னோடது 2011 ஸ்விஃப்ட் டீசல், அப்பா வாங்கினது. மூணு மாசமா சிக்னல்ல நின்னா ஸ்டியரிங், கியர் ராடு எல்லாம் கிடுகிடுன்னு ஆடும், ரிவர்ஸ் போட்டு கிளட்ச் விட்டா அடியில "டொக்"னு ஒரு சத்தம், ஆஃப் பண்றப்ப வண்டியே ஒரு குலுக்கு குலுக்கிட்டு நிக்கும். இன்ஜின் மவுண்ட்தான்னு எனக்கே தெரியும், இன்ஜின பாடியோட பிடிச்சு வைக்கிற ரப்பர் தாங்கி. டீசல்ல கம்ப்ரஷன் அதிகம், ஐட்லிங்ல குலுக்கத்தான் செய்யும், அது பாடிக்கு வராம தாங்குறதே அந்த ரப்பர்தானே.

எங்க மெக்கானிக் பல்லாவரம் பாய் ஊருக்குப் போயிருந்தாரு. அவசரப்பட்டு, வீட்டு வாசல்லயே வந்து வண்டிய எடுத்துட்டுப் போற ஆப் ஒண்ணுல புக் பண்ணேன். மத்தியானமே வாட்ஸப்ல வீடியோ அனுப்புனாங்க, கிழிஞ்ச ரப்பர ஸ்க்ரூ டிரைவரால நெம்பிக் காட்டி, "சார் உங்க மவுண்ட் பாருங்க, மூணுமே போச்சு, ஒண்ண மட்டும் மாத்தினா மத்த ரெண்டும் லோடு தாங்காது"ன்னு அந்தப் பையன் அவ்ளோ பொறுமையா சொன்னான். நான் விழுந்தது அங்கதான். அவன் சொன்னது நியாயமும்கூட, அதான் எரிச்சலே. பார்ட்ஸ் 11,200, லேபர் 3,400, மொத்தம் 14,600, உடனே ஜிபே பண்ணேன். சாயங்காலம் கழுவி சென்ட் அடிச்சு கொண்டு வந்து விட்டாங்க, மவுண்ட் போட்டோவும் வந்துச்சு, கறுப்பா பளபளன்னு. ரெண்டு நாள் குலுக்கல் கம்மியான மாதிரியே இருந்துச்சு, காசு குடுத்த மனசுல்ல.

மூணாம் நாள் அதே "டொக்". போன் பண்ணா "புது ரப்பர் சார், செட் ஆக 500 கிலோமீட்டர் ஓடணும்". ஓட்டினேன். அப்புறம் "பழைய டீசல்னா அப்படித்தான் சார்". பழைய பார்ட்ஸ குடுங்கன்னா ஸ்க்ராப்புக்குப் போயிடுச்சாம். கஸ்டமர் கேர்ல 48 மணி நேரம்னாங்க, மறுநாளே பிரச்சனை தீர்ந்துடுச்சுன்னு மெசேஜ் போட்டு டிக்கெட்ட மூடிட்டாங்க. திரும்ப கேட்டா ரப்பர் பார்ட்ஸுக்கு வாரண்டி கிடையாதாம், நீ வித்ததே ரப்பர்தானடா!

நேத்து பாய் வந்துட்டாரு. பானட்ட தூக்கி, டீசல்ல நனைச்ச வேஸ்ட் துணியால ஒரு தேய் தேய்ச்சாரு. கறுப்பு பெயிண்ட் அப்படியே துணில வந்துச்சு. அடியில அதே பழைய வெடிப்பு, என் நகம் உள்ள போகுது. "தம்பி, இந்த போல்ட்ல ஸ்பேனரே வைக்கலப்பா"ன்னாரு, போல்ட் தலையில பழைய அழுக்கு அப்படியே இருக்கு. மத்த ரெண்டும் இதே கதைதான். அப்ப அந்த வீடியோல வந்த மவுண்ட் யாரோடது? 14,600 ரூபா வெறும் ஸ்ப்ரே பெயிண்ட்டுக்கு! இதுல இன்ஜின் ஆடி ஆடி சைலன்சர் ஃப்ளெக்ஸ் பைப்பும் விட்டுப்போச்சு, அது தனி செலவு.

என்னென்ன பாக்கணும்னு விவரமா எழுதணும்னுதான் ஆரம்பிச்சேன், இப்ப பொறுமை இல்ல. பழைய பார்ட்ஸ கைல வாங்காம காசு குடுக்காதீங்க. புது பார்ட்டோட பெட்டி, எம்ஆர்பி ஸ்டிக்கர், ஜிஎஸ்டி பில் மூணும் கேளுங்க, எனக்கு வந்தது வெறும் எஸ்டிமேட். ஹேண்ட்பிரேக், கால் பிரேக் ரெண்டும் போட்டு ஃபர்ஸ்ட் கியர்ல அரை கிளட்ச் விடச் சொல்லி பக்கத்துல நின்னு பாருங்க, இன்ஜின் எந்திரிச்சு உக்காந்தா மவுண்ட் காலி. வண்டிக்கு முன்னாடி மட்டும் நிக்காதீங்க.

நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915-ல புகார் குடுக்க லைன்ல இருக்கேன், எடுத்துட்டாங்க, வரேன்.