அலை தெரியும் மேசையா, துறைமுகச் சந்துக் கடையா?

கடலோர ஊரில் இரண்டு இரவு தங்கல் என்றால் மொத்தம் ஏழெட்டு வேளைச் சாப்பாடுதான். காலை உணவு பெரும்பாலும் அறை வாடகையோடு வந்துவிடும். வந்து இறங்கிய அன்று ஒரு வேளை களைப்பில் கிடைத்ததைத் தின்பதில் போகும். கிளம்பும் நாளில் ஒரு வேளை வழியில் கழியும். மிச்சம் மூன்று, மிஞ்சிப்போனால் நாலு. ஒரு மாதம் தங்குகிறவர் தப்பான கடைக்குப் போனால் மறுநாள் கடையை மாற்றிக்கொள்வார். நமக்கு ஒரு வேளை போனால் போனதுதான். எந்தக் கடை உசத்தி என்று கேட்பதை நான் விட்டுவிட்டேன். எந்த வேளைக்கு எந்தக் கடை என்றுதான் இப்போது பார்க்கிறேன்.

முதல் போட்டியாளர் கடலைப் பார்த்து மேசை போட்ட உணவகம். இதை ஒரேயடியாகத் திட்டுவது சுலபம், நானும் திட்டியிருக்கிறேன். ஆனால் அது விற்பது உணவு மட்டும் இல்லை. காற்று, சூரியன் விழுகிற நேரம், ஆற அமர உட்கார ஒரு நாற்காலி. அந்த நாற்காலிக்கான வாடகை பில்லில் எங்காவது ஏறத்தான் செய்யும். அங்கே வருகிறவர்களில் பெரும்பாலோர் திரும்பி வரப்போவதில்லை என்பது சமையல்காரருக்கும் தெரியும். உப்புக் குறைந்தால் நாளைக்கு வந்து கேட்க ஆள் இல்லை.

இணையத்து நட்சத்திரங்களை நம்பிப் போகிறவர்கள் கவனிக்காத ஒன்று உண்டு. கரையோரக் கடைக்கு 4.3, சந்துக்குள் இருக்கும் கடைக்கும் 4.3 என்றால் இரண்டும் சமம் இல்லை. முதல் கடையின் மதிப்பெண்ணில் கடலுக்கும் பங்கு இருக்கிறது. ஜன்னலுக்கு வெளியே குப்பைத் தொட்டி தெரிய, மின்விசிறி கிறீச்சிட, அதே மதிப்பெண்ணை வாங்கிய கடை அதைத் தட்டில் வைத்த உணவால் மட்டுமே வாங்கியிருக்க வேண்டும். நான் இப்போதெல்லாம் விமர்சனங்களில் 'வியூ', 'சூரியாஸ்தமனம்' என்று வருகிறவற்றைத் தள்ளிவிட்டு, மிச்சத்தில் புதியவற்றை மட்டும் படிக்கிறேன். பல கடைகளுக்கு மிச்சமே தேறுவதில்லை.

கரையோரத்தில் இன்னொரு கண்ணி, எடைக்கு விற்கும் மீன். விலைப்பட்டியலில் தொகை இருக்காது, 'அன்றைய விலை' என்று இருக்கும்; அல்லது பெரிய எழுத்தில் ஒரு தொகை, பக்கத்தில் பொடி எழுத்தில் '100 கிராமுக்கு'. ஒருமுறை நான் ஐஸ் தட்டில் கிடந்த மீனைக் கையைக் காட்டி 'இது' என்றதோடு சரி. பில் வந்தபோது மற்ற மூன்று வேளைச் செலவும் சேர்ந்து அதற்குள் அடங்கும்போல் இருந்தது. குற்றம் பாதி என்னுடையது. சமைப்பதற்கு முன் எடை எவ்வளவு, அந்த எடைக்கு மொத்தம் எவ்வளவு, சமைக்கும் கூலி தனியா என்று மூன்று கேள்வி கேட்டிருந்தால் முடிந்திருக்கும். நல்ல கடையில் இதைக் கேட்டால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

இரண்டாவது போட்டியாளர் மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டிய, ஏலம் எடுப்பவர்களும் சுமை தூக்குபவர்களும் சாப்பிடுகிற கடை. என் ஓட்டு பெரும்பாலும் இதற்குத்தான், ஆனால் மதியத்துக்கு மட்டும். அங்கே சாப்பிடுகிறவர்கள் நாளைக்கும் வருவார்கள், மீனைப் பார்த்தாலே வயது சொல்வார்கள். அவர்களிடம் பழையதைத் தள்ள முடியாது. பட்டியல் சின்னதாக இருக்கும், மத்தியானம் இரண்டு மணிக்கெல்லாம் பாதி தீர்ந்திருக்கும். தீர்ந்துபோகிறது என்பதே நல்ல சேதி. அதே கடைக்கு இரவு ஒன்பது மணிக்குப் போனால் காலையில் செய்ததன் மிச்சம் காத்திருக்கலாம். சமைத்த உணவை அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் விடக்கூடாது, சூடாக வைப்பதென்றால் 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் வைக்கவேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆவி பறக்காத பாத்திரத்திலிருந்து அள்ளிப் போட்டால் எழுந்து வர வெட்கப்பட வேண்டியதில்லை.

கரையோரத்தில் இருப்பதாலேயே மீன் அன்றைக்குப் பிடித்தது என்று நினைப்பதும் தப்பு. கடல் கொந்தளித்தால் படகு போகாது; தடைக்காலம் என்றாலும் போகாது. அப்போது எல்லாக் கடையிலும் ஒரே குளிர்பதனப் பெட்டி மீன்தான். மீனின் பெயரையும் அப்படியே நம்ப முடியாது. அமெரிக்காவில் கடல் பாதுகாப்புக்காக இயங்கும் ஓசியானா அமைப்பு 2010 முதல் 2012 வரை 1,215 மீன் மாதிரிகளை மரபணுச் சோதனை செய்தபோது மூன்றில் ஒரு பங்கு வேறு மீனின் பெயரில் விற்கப்பட்டிருந்தது. 'ஸ்னாப்பர்' என்று விற்றதில் 87 சதவீதம் தவறான பெயர். உணவகங்களில் இந்தத் தவறு பலசரக்குக் கடைகளைவிட அதிகம். தோலும் தலையும் போன துண்டு மீனை யார் அடையாளம் காண்பது? முழு மீனாகக் காட்டுகிற கடை இந்த ஒரு விஷயத்தில் எப்போதும் ஒரு படி மேல்.

'இன்று காலை பிடித்தது, பச்சையாகவே சாப்பிடலாம்' என்று யாராவது ஆசை காட்டினால் கொஞ்சம் யோசியுங்கள். பச்சையாகப் பரிமாறும் பெரும்பாலான கடல் மீன்களை ஒட்டுண்ணிப் புழுவுக்காக மைனஸ் 20 டிகிரியில் குறைந்தது 24 மணி நேரம் உறைய வைக்க வேண்டும் என்பது ஐரோப்பிய ஒன்றிய விதி. அதாவது பச்சை மீனுக்கு ஐஸ் பெட்டிதான் பாதுகாப்பு. பச்சைச் சிப்பி இன்னும் மோசம். தண்ணீரில் இருப்பதையெல்லாம் வடிகட்டி உள்ளே சேர்க்கும் உயிர் அது. எலுமிச்சை பிழிந்தால் கிருமி சாகாது. வாந்தி பேதி தரும் நோரோவைரஸ் என்றால் 12 முதல் 48 மணி நேரம் கழித்து வேலையைக் காட்டும். முதல் நாள் இரவு தின்றது இரண்டாம் நாள் முழுவதையும் கழிப்பறையில் உட்கார வைக்கும். குறுகிய பயணத்தில் அந்தச் சூதாட்டத்துக்கு நான் வரமாட்டேன்.

சூரை, கானாங்கெளுத்தி, மத்தி வகை மீன்களில் வேறொரு சங்கதி. பிடித்த பிறகு சரியாகக் குளிரில் வைக்காவிட்டால் அவற்றில் ஒவ்வாமை போன்ற தொல்லை தரும் ஹிஸ்டமின் என்ற பொருள் சேரும், எவ்வளவு வறுத்தாலும் போகாது. நாற்றமும் காட்டாமல் போகலாம். கடித்ததும் நாக்கில் மிளகு போல் சுரீர் என்றால் அங்கேயே நிறுத்திவிடுவது நல்லது.

விடுதிக்குள்ளேயே இருக்கும் உணவகத்தைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. எந்த ஊரிலும் ஒரே ருசி, கொஞ்சம் விலை கூட. மழை கொட்டும்போதும், குழந்தை தூங்கி விழும்போதும், இரவு பதினொரு மணிக்கு வந்து இறங்கும்போதும் அதைவிடப் பெரிய உதவி இல்லை. தள்ளுவண்டிகள் வேறு ரகம். கண் முன்னே எண்ணெயிலிருந்து எடுத்துக் கொடுப்பதை வாங்கலாம். முன்பே நறுக்கி வைத்த பழத்தையும் எந்தத் தண்ணீரில் செய்தது என்று தெரியாத ஐஸையும் விட்டுவிடலாம்.

போன முறை இரண்டு இரவுக்கு நான் செய்தது இது. இரண்டாம் நாள் மதியம் துறைமுகச் சந்துக் கடை, ஒன்றரை மணிக்கு முன்பே. அன்று மாலை கரையோர உணவகத்தில் ஓரமாக ஒரு மேசை. குடிக்க ஒன்று, கொறிக்க ஒன்று. வெளிச்சம் போகிறவரை உட்கார்ந்திருந்தேன். நாற்காலி வாடகை அவ்வளவுதான் ஆனது. இரவுச் சாப்பாட்டுக்கு நான்கு தெரு உள்ளே நடந்து, குடும்பத்தோடு உள்ளூர்க்காரர்கள் வந்து உட்காரும் ஒரு கடை. கிளம்புவதற்கு முந்தைய இரவு அது. அதனால் மீன் பக்கமே போகவில்லை, சுடச்சுட ஒரு தட்டு, பழக்கமான சாப்பாடு. கூட வந்தவர் மட்டும் அங்கும் நண்டு கேட்டார். தீர்ந்துவிட்டது என்றார்கள்.