இரும்புப் போறணையோடு ஐந்து வருடம்

டென்மார்க்கில் ஹேர்னிங் பக்கம் எங்கள் வீட்டுப் பின்வளவில் ஐந்து வருடமாக ஒரு கறுப்பு ஆமை படுத்திருக்கிறது. வருகிற ஆட்கள் முதலில் அதன் முதுகைத் தட்டிப் பார்ப்பார்கள், அப்புறம் விலை கேட்பார்கள். விலையைச் சொன்னதும் மனுசியைப் பார்த்துப் பரிதாபப்படுவார்கள். ஆமையின் பெயர் ஃபோர்னோ. விறகு போட்டுச் சமைக்கிற வார்ப்பிரும்பு வெளியடுப்பு.

செய்வது மோர்சோ. இங்கிருந்து வடக்கே, லிம்ஃபியோர்டு என்ற கடல்நீரேரிக்குள் இருக்கும் மோர்ஸ் தீவில் 1853-இல் தொடங்கிய வார்ப்பாலை. பக்கச்சுவரில் அணில் பொறித்த சின்ன விறகடுப்பை டென்மார்க்கின் பழைய வீடுகளில் கண்டிருப்பீர்கள், அதுவும் இவர்களுடையதுதான். ஃபோர்னோவை வடிவமைத்தவர் க்ளவுஸ் ராத். இத்தாலியக் கல் போறணையின், அதாவது மூடிய சூளையடுப்பின், தாழ்ந்த கூரையை எடுத்து இரும்பில் வார்த்திருக்கிறார்.

கடையில் பார்த்தபோது அந்த உருண்டை முதுகு வெறும் அழகுக்கு என்றுதான் நினைத்தேன். இரண்டாவது பிட்சாவிலேயே விஷயம் புரிந்துவிட்டது. தணலை ஒரு பக்கம் ஒதுக்கி, அதன் மேல் ஒரு விறகுத் துண்டை வைத்தால் சுவாலை கூரையைத் தடவிக்கொண்டு வரும். கூரை தாழ்வாக இருப்பதால் அந்தச் சூடு நேரே மாவின் தலையில் இறங்குகிறது. உள்ளே வைத்த கல்லும் நன்றாகக் காய்ந்திருந்தால் மூன்று நிமிடம் போதும். இடையில் ஒரு தரம் திருப்ப மறந்தீர்களோ, தணல் பக்கம் கரிதான்.

என்னை ஏமாற்றியது போறணை என்ற சொல். ஊரில் பேக்கரிப் போறணையைப் பார்த்து வளர்ந்தவன் நான். செங்கல் போறணைக்குள் மணிக்கணக்காக விறகை எரித்து, நெருப்பை வெளியே இழுத்துவிட்டு, சுவரில் தேங்கிய சூட்டிலேயே பாண் சுடுவார்கள். அதே கணக்கில் நானும் ஒரு மணி நேரம் எரித்து, தணலை வாரிக் கொட்டிவிட்டு மாவை உள்ளே தள்ளினேன். அடி வெந்தது, மேல் வெள்ளையாகவே இருந்தது, நடுவில் பசை. அம்மா ஒரு துண்டைப் பிய்த்துப் பார்த்துவிட்டு, "இதால நோட்டீஸ் ஒட்டலாம்" என்றார்.

குற்றம் அடுப்பில் இல்லை. வார்ப்பிரும்பு செங்கல்லைவிடப் பல மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். சீக்கிரம் காயும், நெருப்பை எடுத்தால் சீக்கிரம் ஆறும். ஆகவே சமைத்து முடியும்வரை நெருப்பு உள்ளேயே இருக்க வேண்டும். அதைப் பழகிய பிறகு பாண் ஆசையை விட்டுவிட்டேன். ரொட்டி, நான் ரொட்டி, பிட்சா, முழு மீன் எல்லாம் நன்றாக வருகின்றன. கத்தரிக்காயைத் தணலில் புதைத்துச் சுட்டு, தோலுரித்து, பச்சைமிளகாயும் தேங்காய்ப்பாலும் சேர்த்துச் சம்பல் போட்டால், எரிவாயு அடுப்பில் சுட்டதைத் தொட மனம் வராது.

துரு பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். முதல் குளிர்காலத்தில் சோம்பலில் சாம்பலை வாராமல் அப்படியே உறையைப் போட்டு மூடிவிட்டேன். மார்ச்சில் திறந்தபோது சாம்பல் ஈரம் குடித்துக் களியாகிக் கிடந்தது, அடியில் செம்மண் நிறத்தில் துரு. கம்பித் தூரிகையால் தேய்த்து, சமையல் எண்ணெய் பூசி, சின்னதாக நெருப்பு மூட்டினேன். மூன்று தரம் இப்படிச் செய்ததும் கறுப்பு திரும்பி வந்தது. புதுத் தோசைக்கல்லைப் பழக்குவது போலத்தான், கல் மட்டும் கொஞ்சம் பெரிது. இப்போது ஒக்டோபரில் சாம்பலை வாரி, எண்ணெய் தடவிவிட்டுத்தான் மூடுகிறேன். இன்னொன்று, சூடாக இருக்கும்போது தண்ணீர் ஊற்றி அணைக்கவே கூடாது, வார்ப்பிரும்பில் விரிசல் விழுந்துவிடும். எங்கள் யூட்லாந்துக் குடாநாட்டு வானத்தை நம்ப முடியாது என்பதால் மழை முன்னறிவிப்பைப் பார்த்துவிட்டே மூட்டுகிறேன்.

விறகில் மிச்சம் பிடிக்கப் போய் ஒரு முறை பட்டுவிட்டேன். ஒருவர் நன்றாகக் காய்ந்த பீச் மரம் என்று சொல்லி மலிவாகத் தந்தார். மூட்டியதும் பின்வளவு முழுக்கப் புகை. பக்கத்து வீட்டு ஜன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்தப்படும் சத்தம் கேட்டது. மறுநாள் ஈரமானி வாங்கி விறகைப் பிளந்து குத்திப் பார்த்தால் 31 சதவீதம். 20-க்குக் கீழே இருக்க வேண்டும். அந்த விறகை ஒரு முழு வருடம் கூரைக்குக் கீழே அடுக்கி வைத்து, அடுத்த கோடையில்தான் எரித்தேன்.

பாரம் பெரிய பிரச்சினை. லாரிக்காரர் பலகையோடு தெருவோரம் இறக்கிவிட்டுப் போய்விட்டார். நாலு பேர் சேர்ந்து உள்ளே கொண்டுவந்தோம், மச்சான் இன்றுவரை இடுப்பைப் பிடித்துக் காட்டுகிறார். வைக்கிற இடத்தை முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள். மனுசி இரண்டு மீட்டர் தள்ளி வைக்கச் சொல்லி மூன்று வருடமாகிறது.

திரும்ப வாங்குவேனா? வாங்குவேன். ஆனால் எல்லோருக்கும் இதுதான் என்று சொல்ல மாட்டேன். டச்சுக்காரரான ஹான்ஸ் கூசன்ஸ் வடிவமைத்த ஓஃபைர் என்ற அடுப்பும் இருக்கிறது. நடுவில் நெருப்பு, அதைச் சுற்றி அகலமான இரும்புத் தட்டு. உள்விளிம்பு நன்றாகக் கொதிக்கும், வெளியே போகப் போகச் சூடு தணியும், ஒரே நேரத்தில் பத்துப் பேருக்குச் சமைக்கலாம். கொத்துரொட்டிதான் உங்கள் வீட்டுக் கொண்டாட்டம் என்றால் அதை வாங்குங்கள். இரண்டு தகட்டையும் வீசிக் கொத்த அதில்தான் இடம் இருக்கிறது. அந்தச் சத்தத்துக்குப் பக்கத்து வீட்டார் என்ன சொல்வார்கள் என்பது வேறு கதை.