உதைத்தால் வரும் ஸ்டூல்: பைல் ரூமுக்கு வாங்கலாமா?

அலுவலகத்தில் விபத்து என்றால் தீ, மின்கசிவு என்று பெரிதாகத்தான் பேசுவோம். பழைய பைல்கள் அடுக்கிய அறையைப் பார்த்துக்கொள்ளும் எனக்குப் பயமெல்லாம் சுழல் நாற்காலி மேல்தான். மேல் தட்டிலிருந்து ஏதாவது எடுக்க வேண்டுமென்றால், பக்கத்து மேஜை நாற்காலியை இழுத்துப்போட்டு ஏறிவிடுவார்கள். ஏணி இல்லாமல் இல்லை. அது ஸ்டோர் ரூமில் பூட்டிக் கிடக்கிறது. இரண்டு நிமிட வேலைக்குச் சாவி கேட்டு யார் அலைவது? எத்தனை சுற்றறிக்கை விட்டாலும் இது மாறாது என்று சொல்லித்தான் நிர்வாகத்தை இந்தக் கிக் ஸ்டூலை வாங்க வைத்தேன்.

நூலகங்களில் பார்த்திருப்பீர்கள். வட்டமாக, கீழே அகலமும் மேலே குறுகலுமாக, இரண்டு படியோடு இருக்கும். எங்களுடையது கெட்டி பிளாஸ்டிக், உயரம் 43 சென்டிமீட்டர். அடியில் ஸ்பிரிங் வைத்த மூன்று சக்கரங்கள். யாரும் ஏறாதபோது சக்கரங்கள் தரையில் நிற்கும். காலால் லேசாகத் தள்ளினால் போதும், ஓடும். ஏறினால் ஸ்பிரிங் அமுங்கி, சக்கரங்கள் உள்ளே போய், விளிம்பைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம் தரையில் பதிந்துவிடும். அப்புறம் அசையாது. இரண்டு கையிலும் பைல்களை வைத்துக்கொண்டே அடுத்த அலமாரிக்கு அதைத் தள்ளிக்கொண்டு போகலாம். ஏணியை வைத்துக்கொண்டு இதைச் செய்ய முடியுமா?

நாற்காலி இதற்கு நேர் எதிர். உட்காருபவர் கவிழாமல் இருக்கத்தான் அதற்கு ஐந்து கால். நிற்பவரைப் பற்றி அதைச் செய்தவர்கள் யோசிக்கவே இல்லை, யோசிக்க வேண்டியதும் இல்லை. ஏறி நின்று பக்கவாட்டில் கை நீட்டினால் இருக்கை ஒரு பக்கம் சுழலும், சக்கரம் இன்னொரு பக்கம் ஓடும். விழும்போது யாராக இருந்தாலும் கையைத்தான் முதலில் ஊன்றுவோம், மணிக்கட்டு போய்விடும். மேஜை முனை தலைக்கு நேராக இருந்தால் இன்னும் மோசம்.

ஸ்டூல் வந்த பிறகு எங்கள் அறையில் நாற்காலியில் ஏறுவது ஏறக்குறைய நின்றுவிட்டது. யாரும் திருந்திவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். ஸ்டூல் நாற்காலியைவிடப் பக்கத்தில் இருக்கிறது, அவ்வளவுதான்.

இனி குறைகள். முதலில் நிறம். சாம்பல் நிறத்தில் வாங்கிவிட்டார்கள். எங்கள் தரையும் சாம்பல். வேலை முடிந்ததும் நடைபாதையிலேயே விட்டுப் போகிறார்கள். போனைப் பார்த்துக்கொண்டு வருபவருக்கு முழங்கால் உயரத்தில் ஒரு பொறி. கடைசியில் விளிம்பைச் சுற்றி மஞ்சள் டேப் ஒட்டினேன். சிவப்பு கிடைத்தால் யோசிக்காமல் சிவப்பு வாங்குங்கள்.

அடுத்தது சக்கரம். தரையில் கிடக்கும் பின், ரப்பர் பேண்ட், தூசி எல்லாம் உள்ளே போய்ச் சிக்குகின்றன. சிக்கினால் சக்கரம் முழுதாக உள்ளே போகாமல் ஸ்டூல் ஆடும். அவ்வப்போது கவிழ்த்துப்போட்டு, மூன்றையும் கட்டை விரலால் அழுத்திப் பாருங்கள். ஒரே மாதிரி உள்ளே போய் வெளியே வர வேண்டும். கம்பளம் விரித்த பகுதியில் இது சரியாக ஓடுவதில்லை, தூக்கித்தான் போக வேண்டியிருக்கிறது.

எடைத் தாங்கும் அளவு 150 கிலோ என்று அடியில் அச்சிட்டிருக்கிறது. ஐரோப்பியத் தரமான இ.என். 14183-இல் வருகிற அளவு அது. ஆளுக்குத் தாராளம். ஆனால் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு எங்கள் ஆட்கள் பேப்பர் பெட்டியை மேல் தட்டில் ஏற்ற ஆரம்பித்தார்கள். ஏ4 பேப்பர் 500 தாள் கட்டு ஒன்று இரண்டரை கிலோ, ஐந்து கட்டுப் பெட்டி பன்னிரண்டரை கிலோ. பிடித்துக்கொள்ளக் கம்பி இல்லாத ஸ்டூலில் நின்று அதைத் தலைக்கு மேல் தூக்கினால், ஸ்டூல் தாங்கும், இடுப்பு தாங்க வேண்டுமே! பெட்டிகளை எல்லாம் இடுப்பு உயரத் தட்டுக்கு மாற்றிவிட்டு, மேலே காலி பைல்களை வைத்தோம்.

இன்னொன்று, ஸ்டூலோடு வந்த குறிப்புத் தாளில் இல்லாதது. ஸ்டூலிலிருந்து எல்லோரும் பின்பக்கமாகத்தான் இறங்குகிறார்கள். பின்னால் எதிர்வரிசை கேபினட்டின் கீழ் டிராயர் திறந்திருந்தால் கெண்டைக்கால் நேராகத் தகர விளிம்பில் மோதும். ஒருவருக்கு அப்படித் தோல் கிழிந்தது. இதில் ஸ்டூலைக் குறை சொல்ல முடியாது, ஆனால் குறுகலான சந்தில் போடுவதாக இருந்தால் முதலில் டிராயரைத் திறந்து இடைவெளியை அளந்து பாருங்கள். டிராயர் என்றதும் ஞாபகம் வருகிறது: ஒன்றைத் திறந்தால் மற்றவை பூட்டிக்கொள்ளும் கேபினட்டும் இருக்கிறது. எங்களிடம் இருப்பது பழையது. மேல் டிராயர்கள் இரண்டைச் சேர்த்து இழுத்தால் முன்னால் சாயும், சுவரோடு போல்ட் போட வேண்டியதாயிற்று.

ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். ஸ்டூலில் நின்றும் குதிகாலைத் தூக்கினால்தான் எட்டும் என்கிற அளவுக்கு மேல் தட்டு உயரமா? மூட்டு வலி, தலைசுற்றல் உள்ளவர்கள் ஏற வேண்டியிருக்குமா? அப்படியானால் இது வேண்டாம், கைப்பிடி வைத்த படி ஏணியாக வாங்குங்கள். அதையும் ஸ்டோர் ரூமில் வைத்துப் பூட்டாதீர்கள்.