ஓரிடத்தில் கால் தரிக்காதவர்களுக்கு எந்தத் தியானம்?

“முதுகை நேராக்கி உட்காருங்கள், கண்ணை மூடுங்கள், மூச்சைக் கவனியுங்கள்.” தியானம் பழகணும் என்று யாரிடம் கேட்டாலும் முதலில் கிடைப்பது இதுதான். சாந்த சுபாவக்காரர்களுக்குப் போதும். இரண்டாவது நிமிடத்தில் காலை ஆட்டத் தொடங்கி, நான்காவது நிமிடத்தில் கேஸை அணைத்தோமா என்று பார்க்க எழுந்து போகிறவர்களுக்கு, என் கணிப்பில், இது கடைசியாகத் தர வேண்டிய பயிற்சி.

அலைபாய்வதிலும் இரண்டு ரகம் உண்டு. சிலருக்கு உடம்பு அடங்காது. சிலர் உடம்பளவில் அசையாமல் உட்கார்ந்திருப்பார்கள், தலைக்குள் மட்டும் பேச்சு ஓயாது. இந்த இரண்டு ரகத்தையும் வைத்தே ஒவ்வொரு முறையையும் எடை போடுகிறேன்.

மூச்சைக் கவனிப்பதிலிருந்தே தொடங்குவோம். செலவில்லை, பொருள் வேண்டாம், பஸ்ஸிலும் செய்யலாம். 5ஆம் நூற்றாண்டில் இலங்கை அநுராதபுரத்தில் இருந்து விசுத்திமக்கம் என்ற தியான நூலை எழுதிய பௌத்தத் துறவி புத்தகோசர், எண்ணங்கள் மிகுந்த சுபாவக்காரருக்கு மூச்சையே பரிந்துரைக்கிறார். ஆனால் வெறுமனே கவனி என்று விட்டுவிடவில்லை, ஒன்று, இரண்டு என்று மூச்சை எண்ணச் சொல்கிறார். ஐந்துக்குக் குறையக் கூடாது, பத்தைத் தாண்டவும் கூடாது. ஐந்துக்குள் நிறுத்தினால் மனம் இடம் போதாமல் முட்டும். பத்தைத் தாண்டினால் மூச்சை விட்டுவிட்டு எண்ணிக்கையைப் பிடித்துக்கொள்ளும். இன்று சொல்லித் தருகிற பலர் இந்த எண்ணிக்கையை விட்டுவிடுகிறார்கள். மூச்சு மிக மெல்லிய பொருள், பிடிமானம் குறைவு. எண்ணாமல் பார்த்தால் பதற்றக்காரருக்குப் பதற்றம் கூடுவதும் உண்டு.

தலைக்குள் பேச்சு ஓயாதவர்களுக்கு என் முதல் ஓட்டு ஜபத்துக்கு. சதா அசைந்துகொண்டிருக்கும் யானையின் துதிக்கையில் ஒரு சங்கிலியைக் கொடுத்தால் அது வேறொன்றையும் பற்றாமல் அதையே பிடித்துக்கொண்டு நடக்கும், மனத்துக்கும் ஒரு நாமத்தையோ ரூபத்தையோ பழக்கினால் அதையே பற்றிக்கொள்ளும் என்று ‘நான் யார்?’ நூலில் ரமணர் சொல்கிறார். மூச்சை அடக்கிப் பெறுகிற அமைதி, மூச்சு அடங்கியிருக்கும் வரைதான் என்பதும் அதே நூலில் வருகிறது.

வாய்விட்டுச் சொல்வது வாசிகம், உதடு மட்டும் அசைவது உபாம்சு, மனத்துக்குள் சொல்வது மானசம். மானசமே உயர்ந்தது என்பார்கள். உயர்வு அப்புறம் வரட்டும், புதிதாகத் தொடங்குகிறவர் வாய்விட்டே சொல்லலாம். நாக்கு, காது, விரல் மூன்றுக்கும் வேலை இருப்பதால் தப்பி ஓட வழி குறைவு. மூன்று விநாடிக்கு ஒரு மணி என்று உருட்டினால் 108 மணி மாலை ஐந்தரை நிமிடத்தில் முடிந்துவிடும். இன்னும் எவ்வளவு பாக்கி என்பது விரலுக்கே தெரிவது, பொறுமையில்லாதவருக்குப் பெரிய ஆறுதல். கை சும்மா இருக்காது என்றால் நம் பாட்டிமார் நோட்டு நோட்டாக எழுதிய ஸ்ரீராமஜெயம் இருக்கிறது. கிறிஸ்தவர்களுக்குச் செபமாலை, இஸ்லாமியர்களுக்கு தஸ்பீஹ். சாமி நம்பிக்கை இல்லாதவருக்கும் தடையில்லை: அமெரிக்க இதயநோய் மருத்துவர் ஹெர்பர்ட் பென்சன் 1975இல் வெளியிட்ட நூலில், மூச்சை விடும்போதெல்லாம் ‘ஒன்று’ என்று மனத்துக்குள் சொன்னால் போதும் என்றார். குறை என்னவென்றால், பழகப் பழக வாய் தானாக ஓடும், மனம் கடைத்தெருவுக்குப் போய்விடும். அப்போது வேகத்தைப் பாதியாகக் குறைத்துப் பாருங்கள்.

உடம்பு அடங்காதவர்களுக்கு ஜபமும் இரண்டாம்பட்சம்தான். அவர்களுக்கு நடை தியானம். பர்மாவின் பௌத்தத் துறவி மகாசி சயாடோவின் மரபில் இது உட்கார முடியாதவருக்கான சலுகை கிடையாது. முகாம்களில் ஒரு மணி நேரம் நடை, ஒரு மணி நேரம் அமர்வு என்று சரிசமமாக வருகிறது. மொட்டை மாடியில் பத்துப் பதினைந்து அடி தூரம் போதும், செருப்பு வேண்டாம். காலைத் தூக்குவது, நகர்த்துவது, வைப்பது மூன்றையும் மெதுவாக உணர வேண்டும். கவனம் சிதறினால் நின்று, திரும்பவும் காலுக்கு வர வேண்டும். பாதத்தின் அழுத்தம் மூச்சைவிடக் கனமான, தெளிவான உணர்வு என்பதால் பிடிப்பது சுலபம். (பூங்காவில் எட்டு போடுகிறவர்கள் இதையும் சேர்த்துக்கொள்ளலாம், காதில் இயர்போன் இல்லாவிட்டால்.) சங்கடம் ஒன்றுதான்: பக்கத்து மாடியில் துணி காயப்போடுகிறவர் என்னாச்சு என்று கேட்பார்.

தனியாகச் செய்தால் மூன்றாம் நாளே விட்டுவிடுவேன் என்பவர்களுக்கு மனவளக்கலை பொருந்தும். கூடுவாஞ்சேரியில் 1911இல் பிறந்த வேதாத்திரி மகரிஷி வகுத்தது, ஆழியாறு அறிவுத்திருக்கோயில் இதன் தலைமையிடம், தமிழ்நாட்டின் பல ஊர்களில் மன்றம் இருக்கிறது. கை, கால், மூச்சுப் பயிற்சி, படுத்துச் செய்கிற மகராசனம் என்று உடம்புக்கு முதலில் வேலை கொடுத்துவிட்டு உட்கார வைப்பதும், தியானம் முழுக்க ஒரு குரல் வழிநடத்துவதும் இதன் பலம். புருவ மத்தியில் கவனம் வைக்கிற ஆக்கினை தவத்தில் அழுத்தம் தாங்காவிட்டால், முதுகெலும்பின் அடியிலுள்ள மூலாதாரத்துக்கு இறங்கிவர சாந்தி தவம் சொல்லித் தருகிறார்கள். தத்துவ விளக்கங்கள் எல்லோருக்கும் ருசிக்காது, எனக்கும் எல்லாம் ருசிக்கவில்லை.

மகரிஷி மகேஷ் யோகியின் ஆழ்நிலை தியானம், தினம் இரு வேளை இருபது நிமிடம், அடிப்படையில் மந்திர ஜபம்தான். கட்டணம் கட்டிக் கற்கும் முன் மேலே சொன்ன ஜபத்தைச் சில வாரம் செய்து பார்க்கலாம். செல்போன் செயலிகளைப் பற்றி: கவனத்தைச் சிதறடித்த அதே பொருளைக் கையில் வைத்துக்கொண்டு கவனம் பழகுவதில் எனக்கு நம்பிக்கை குறைவு.

ஆர்வக் கோளாறில் பலர் நேராகப் போய் இறங்குவது எஸ்.என்.கோயங்கா வகுத்த பத்து நாள் விபாசனா தியான முகாமில். கட்டணம் இல்லை, சென்னைத் திருமுடிவாக்கத்திலேயே மையம் இருக்கிறது, கற்பித்தலும் ஒழுங்கும் கறார். ஆனால் காலை நான்கு மணிக்கு மணியடிக்கும், நாளுக்குச் சுமார் பத்து மணி நேரம் தியானம், பேச்சில்லை, போனில்லை, புத்தகமில்லை. நான்காம் நாளிலிருந்து ஒரு மணி நேரம் கை, கால் அசைக்காமல், கண் திறக்காமல் உட்காரும் அமர்வுகள் தினமும் மூன்று. அரை மணி நேரமாவது தொடர்ந்து உட்காரப் பழகிய பிறகு போவதே நல்லது. மனநலம் பற்றி விண்ணப்பத்தில் கேட்பார்கள். பதற்றத்துக்கோ தூக்கமின்மைக்கோ மருந்து சாப்பிடுகிறவர்கள் மருத்துவரிடம் முதலில் பேசிவிட்டு, விண்ணப்பத்தில் மறைக்காமல் எழுதுங்கள்.