பழைய ஆம்னியின் டெயில் லைட்: டெஸ்ட் லேம்ப்பா, மல்டிமீட்டரா?

பழைய மாருதி ஆம்னியில் டெயில் லைட் மங்கினால் என் ஓட்டு முதலில் டெஸ்ட் லேம்ப்புக்குத்தான் (வயர் மாட்டிய சோதனை பல்பு). கனெக்டர் களிம்பேறிக் கிடந்தாலும், பல்பைக் கழற்றிவிட்டு அளந்தால் மல்டிமீட்டர் 12 வோல்ட் காட்டிவிடும். மீட்டர் இழுக்கும் கரண்ட் அவ்வளவு குறைவு. 21 வாட் பல்பில் செய்த டெஸ்ட் லேம்ப் அதே இடத்தில் மங்கி எரியும், குட்டு வெளிப்பட்டுவிடும். (எம்பிஎஃப்ஐ வண்டியில், அதாவது கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் பெட்ரோல் பீய்ச்சும் வண்டியில், இசியு எனும் அந்த இன்ஜின் கம்ப்யூட்டரின் வயர்களில் மட்டும் டெஸ்ட் லேம்ப்பை வைக்கவே கூடாது.)

ஆனால் எர்த் (கரண்ட் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் பாதை) கோளாறில் மீட்டர்தான் கெட்டி. பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டரும் சேர்ந்து மினுங்குகிறதா? பெரும்பாலும் எர்த்தான். பல்பை எரியவிட்டு, ஹோல்டரின் எர்த் முனைக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவில் அளந்து பாருங்கள். அரை வோல்ட்டைத் தாண்டினால், எர்த் போல்ட்டைக் கழற்றி, துருவைச் சுரண்டிவிட்டு இறுக்குங்கள்.